லேப் கம்ப்யூட்டரில் ஃபைல்களைக் காப்பாற்ற: தடையை எங்கே போடுவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளி லேபில் 20 கம்ப்யூட்டர்கள், எல்லாவற்றிலும் விண்டோஸ் 10 ப்ரோ. ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ மாணவர்கள் அத்தனை பேரும் ‘ஸ்டூடண்ட்’ என்ற ஒரே அக்கவுண்டில், பாஸ்வேர்டு இல்லாமல் நுழைகிறார்கள். காலையில் ஒரு பேட்ச் சேமித்த நிரல்களை மதியம் வரும் பேட்ச் அழித்துவிடுகிறது. சில நாள் ஃபோல்டரே காணாமல் போகிறது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் டெலிட், கட், ரைட் கிளிக் எல்லாவற்றையும் எடுத்துவிட முடியுமா, சி டிரைவை மறைக்க முடியுமா, இல்லையென்றால் ரீஸ்டார்ட் செய்ததும் கம்ப்யூட்டரைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் டீப் ஃப்ரீஸ் மென்பொருளை வாங்கிப் போடுவதுதான் வழியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் கேட்ட மூன்றையும் செய்ய முடியும். ஆனால் அவற்றை மட்டும் செய்தால் உங்கள் பிரச்சினை தீராது. எக்ஸ்ப்ளோரர் என்பது ஃபைல்களைப் பார்ப்பதற்கான ஒரு ஜன்னல்தான். அந்த ஜன்னலுக்குத் திரை போடுவதற்கும், உள்ளே இருக்கும் பீரோவைப் பூட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் இங்கே ரொம்ப முக்கியம். பூட்டு டிஸ்க்கில் இருக்க வேண்டும். அதாவது, எந்த ஃபைலில் யாருக்கு என்ன உரிமை என்று டிஸ்க்கிலேயே குறித்து வைக்கும் விண்டோஸின் ஃபைல் முறையான என்டிஎஃப்எஸ்ஸின் அனுமதிகளில். அதைச் சரியாகப் போட்டுவிட்டால் எக்ஸ்ப்ளோரரில் எதையும் மறைக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது.

முதலில் நீங்கள் கேட்டதையே பார்த்துவிடலாம். விண்டோஸின் கட்டுப்பாடுகளை அமைக்கும் குரூப் பாலிசி எடிட்டரைத் திறந்து யூசர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்போனன்ட்ஸ், ஃபைல் எக்ஸ்ப்ளோரர் என்று போனால் நீளமான ஒரு பட்டியல் வரும். டிரைவ் ஐகான்களை மறைப்பது, டிரைவைத் திறக்க விடாமல் தடுப்பது, ரைட் கிளிக் மெனுவை எடுப்பது, ப்ராப்பர்டீஸில் செக்யூரிட்டி டேபை எடுப்பது எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ப்ரோ பதிப்பில் இந்த எடிட்டர் உண்டு. ஹோம் பதிப்பில் கிடையாது.

இதில் டிரைவை மறைக்கும் அமைப்பு ஐகானை மட்டுமே மறைக்கிறது. முகவரிப் பட்டையில் சி என்று எழுதி முக்காற்புள்ளி போட்டு என்டர் தட்டினால் டிரைவ் திறந்துவிடும். திறக்க விடாமல் தடுக்கும் இரண்டாவது அமைப்பு கொஞ்சம் மேல். எக்ஸ்ப்ளோரரிலும், மென்பொருள்களின் வழக்கமான ஓப்பன், சேவ் பெட்டிகளிலும் அது வேலை செய்யும். ஆனால் கமாண்ட் ப்ராம்ப்ட்டை அது கட்டுப்படுத்தாது. எக்ஸ்ப்ளோரரின் உதவி இல்லாமல் டிஸ்க்கோடு நேரடியாகப் பேசும் எந்த நிரலையும் கட்டுப்படுத்தாது.

உங்கள் லேபுக்கு இது இன்னும் பொருந்தாது என்று நான் சொல்வதற்குக் காரணம், அங்கே நடப்பது நிரல் எழுதும் பாடம். ப்ளஸ் ஒன் மாணவன் சி++ படிக்கிறான், ப்ளஸ் டூ மாணவி பைத்தான் படிக்கிறாள். சி++ இல் ரிமூவ் என்ற ஃபங்ஷனுக்கு ஒரு ஃபைலின் பெயரைக் கொடுத்தால் அந்த ஃபைல் போய்விடும். பைத்தானிலும் அதே வேலையை ஒரே வரியில் செய்யலாம். ரைட் கிளிக் இருக்கிறதா இல்லையா என்று அந்த நிரல் கேட்காது. ரீசைக்கிள் பின்னுக்கும் அனுப்பாது. கம்பைலரைக் கையில் கொடுத்துவிட்டு எக்ஸ்ப்ளோரரில் டெலிட்டை மறைப்பதால் என்ன லாபம்? விண்டோஸின் அனுமதி முறையோ, கேட்பது எக்ஸ்ப்ளோரரா, கமாண்ட் ப்ராம்ப்ட்டா, மாணவன் எழுதிய நிரலா என்று பார்ப்பதில்லை. ‘இந்த அக்கவுண்டுக்கு இந்த ஃபைலை அழிக்க உரிமை உண்டா’ என்று மட்டும் பார்க்கிறது. 1993 இல் வந்த விண்டோஸ் என்டி 3.1 தொடங்கி இன்றுவரை இதன் அடிப்படை அதேதான்.

ரைட் கிளிக்கை எடுப்பதில் எனக்கு வேறொரு வருத்தமும் உண்டு. கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள் அவர்கள். ஃபைலுக்குப் பெயர் மாற்றுவதும், ஜிப் செய்வதும், ப்ராப்பர்டீஸ் பார்த்து அளவைத் தெரிந்துகொள்வதும் அவர்கள் பழக வேண்டிய வேலைகள். யாரோ ஒருவன் அழித்ததற்காக அத்தனை பேருக்கும் மெனுவை எடுத்துவிட்டால், வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத பிள்ளைகள்தான் அதிகம் இழப்பார்கள். அடுத்தவர் ஃபைலைத் தொட விடாமல் தடுங்கள். தன் ஃபைலில் என்ன வேண்டுமானாலும் செய்ய விடுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் வேலை, அந்த ‘ஸ்டூடண்ட்’ அக்கவுண்ட் எந்த வகை என்று பார்ப்பது. பல லேப்களில் அது அட்மினிஸ்ட்ரேட்டராகவே இருக்கும். விண்டோஸைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனவர் உருவாக்கிய முதல் அக்கவுண்ட் அது. முதல் அக்கவுண்ட் எப்போதும் அட்மின்தான். அட்மின் அக்கவுண்டுக்கு எந்தத் தடையும் நிலையான தடை இல்லை. ஃபைலின் உரிமையையே தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளும் அதிகாரம் அதற்கு உண்டு. அதனால் உங்களுக்கென்று பாஸ்வேர்டோடு ஓர் அட்மின் அக்கவுண்ட் வைத்துக்கொண்டு, மாணவர்களுடையதை ஸ்டாண்டர்டு யூசராக மாற்றுங்கள்.

இரண்டாவது வேலை, ஒரே அக்கவுண்ட் என்பதை விடுவது. விண்டோஸ் ஆளைப் பார்ப்பதில்லை, அக்கவுண்டைத்தான் பார்க்கிறது. 60 பேரும் ஒரே பெயரில் நுழைந்தால் 60 பேரும் ஒரே ஆள்தான். ஒருவருடைய ஃபைலை இன்னொருவரிடமிருந்து காக்க எந்த அமைப்பாலும் முடியாது. இதற்காக 60 பேருக்கும் 20 கம்ப்யூட்டரிலும் அக்கவுண்ட் போட வேண்டுமோ என்று மலைக்க வேண்டாம். பெரும்பாலான பள்ளிகளில் பேட்ச் பிரித்து, யார் எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருப்பார்கள். அப்படியானால் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் பேட்சுக்கு ஒரு அக்கவுண்ட் போதும். மூன்று பேட்ச் என்றால் மூன்று அக்கவுண்ட், ஆளுக்கொரு பாஸ்வேர்டு. அந்த இடத்தில் உட்காரும் ஒருவரோ இருவரோதான் அதைப் பயன்படுத்துவார்கள்.

பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும். ஒவ்வொரு அக்கவுண்டுக்கும் சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் சொந்த இடம் ஒன்று உருவாகும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் எல்லாம் அதற்குள்தான். இன்னொரு ஸ்டாண்டர்டு யூசர் அதைத் திறந்து பார்க்கக்கூட முடியாது. இது விண்டோஸ் தானாகவே செய்வது. நீங்கள் ஒரு டிக் கூடப் போட வேண்டியதில்லை.

அப்புறம் டி டிரைவ். ஃபைல்கள் அதிகம் தொலைவது இங்கேதான், அதற்குக் காரணமும் உண்டு. டி டிரைவை என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மேட் செய்யும்போது, ‘ஆத்தன்டிகேட்டட் யூசர்ஸ்’ என்ற குழுவுக்கு ‘மாடிஃபை’ அனுமதியை விண்டோஸ் தானாகவே கொடுத்துவிடுகிறது. லாகின் செய்த யாராக இருந்தாலும் அங்கே எழுதலாம், மாற்றலாம், அழிக்கலாம். அட்மின் பதவியை எடுத்துவிட்ட பிறகும் டி டிரைவில் ஃபைல்கள் போய்க்கொண்டே இருப்பதற்கு இதுதான் காரணம்.

டி டிரைவில் ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று போங்கள். அந்தக் குழுவுக்கான மாடிஃபை வரியை எடுத்துவிடுங்கள். யூசர்ஸ் குழுவுக்கு ‘ரீட் அண்ட் எக்ஸிக்யூட்’ மட்டும் இருக்கட்டும். சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் இரண்டுக்கும் உள்ள முழு உரிமையைத் தொடவே தொடாதீர்கள். இப்போது டி டிரைவில் எதையும் படிக்கலாம். எழுதவோ அழிக்கவோ முடியாது. மாதிரி நிரல்கள், பாடப் பயிற்சிகள், நீங்கள் கொடுக்கும் பிடிஎஃப் எல்லாவற்றுக்கும் இந்த அளவு போதும்.

மாணவர்கள் எழுத ஓர் இடம் வேண்டும். டி டிரைவில் ‘பயிற்சி’ என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதன் அட்வான்ஸ்டு செக்யூரிட்டிக்குப் போய் ‘டிஸேபிள் இன்ஹெரிட்டன்ஸ்’ அழுத்துங்கள். இரண்டு வழி காட்டும். மேலிருந்து வந்த அனுமதிகளை இந்த ஃபோல்டருக்கே சொந்தமாக மாற்றும் முதல் வழியைத் தேர்ந்தெடுங்கள். பிறகு யூசர்ஸ் குழுவின் வரியைத் திறந்து, அது எதற்குப் பொருந்தும் என்ற இடத்தில் ‘திஸ் ஃபோல்டர் ஒன்லி’ என்று வைத்து, படிக்கும் அனுமதியோடு ‘கிரியேட் ஃபைல்ஸ்’, ‘கிரியேட் ஃபோல்டர்ஸ்’ இரண்டையும் சேருங்கள். ‘கிரியேட்டர் ஓனர்’ என்ற பெயருக்கு, ‘சப்ஃபோல்டர்ஸ் அண்ட் ஃபைல்ஸ் ஒன்லி’ என்று வைத்து மாடிஃபை கொடுங்கள். கிரியேட்டர் ஓனர் என்பது ஒரு தனி ஆள் கிடையாது. ஒரு ஃபைலை யார் உருவாக்குகிறாரோ, அந்தக் கணத்தில் அந்த அக்கவுண்டின் பெயர் அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

விளைவு என்ன? எந்த பேட்ச் வேண்டுமானாலும் இதற்குள் ஃபோல்டர் உருவாக்கலாம். உருவாக்கிய அக்கவுண்டுக்கு அதில் மாற்றவும் அழிக்கவும் உரிமை உண்டு. மற்ற அக்கவுண்டுகளுக்கு அதைத் திறக்கவே முடியாது. ‘பயிற்சி’ ஃபோல்டரையே யாராலும் அழிக்கவோ நகர்த்தவோ முடியாது, ஏனென்றால் அதன் மீது அழிக்கும் உரிமை மாணவர் யாருக்கும் இல்லை.

இங்கே ஒரு நுட்பம். மாடிஃபைக்குப் பதில் ‘ஃபுல் கண்ட்ரோல்’ கொடுத்துவிடாதீர்கள். பெயரைப் பார்த்தால் கொஞ்சம் கூடுதல்போல்தான் தெரியும். ஆனால் ஃபுல் கண்ட்ரோலில் ‘டெலிட் சப்ஃபோல்டர்ஸ் அண்ட் ஃபைல்ஸ்’ என்ற ஓர் உரிமை சேர்ந்து வரும். ஒரு ஃபோல்டரின் மீது அது இருந்தால், உள்ளே இருக்கும் ஃபைல் மீது எந்த உரிமையும் இல்லாவிட்டாலும் அதை அழித்துவிடலாம். அனுமதிகளை மாற்றும் உரிமையும் அதோடு சேர்ந்தே வந்துவிடும். மாடிஃபையில் இந்த இரண்டும் கிடையாது.

இன்னொன்று, ‘டினை’ என்ற தடைக் கட்டத்தின் பக்கம் போகாதீர்கள். தடுக்க வேண்டும் என்றதும் கை அந்தக் கட்டத்துக்குத்தான் போகும். ஒரே இடத்தில் அனுமதியும் தடையும் இருந்தால் தடைதான் வெல்லும். எவ்ரிஒன் என்ற குழுவுக்கு டினை போட்டால், அந்த எவ்ரிஒன்னில் நீங்களும் அடக்கம். உங்கள் ஃபோல்டர் உங்களுக்கே திறக்காது. கொடுக்காமல் விட்டாலே போதும், அது தடைதான்.

இப்போது பலர் செய்யும் ஒரு முயற்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘எழுதலாம், ஆனால் அழிக்கக் கூடாது’ என்று ஒரு பொது ஃபோல்டர் வைக்க நினைப்பார்கள். அட்வான்ஸ்டு பட்டியலில் டெலிட்டை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை விட்டுவிடலாம், செய்ய முடியும்தான். நோட்பேடில் சோதித்துப் பார்த்தால் எல்லாம் அழகாக நடக்கும். அப்புறம் ஒருவர் வேர்டில் ஒரு ஃபைலைத் திறந்து, ஒரு வரி சேர்த்து, சேவ் கொடுப்பார். அங்கே பிழை வரும். ஃபோல்டரில் புரியாத பெயர்களில் டெம்ப் ஃபைல்கள் சேர ஆரம்பிக்கும். காரணம் இதுதான்: நோட்பேட் அதே ஃபைலின் மேலேயே எழுதுகிறது. வேர்ட் அப்படிச் செய்வதில்லை. புதிய உள்ளடக்கத்தை ஒரு தற்காலிக ஃபைலில் எழுதி, பழையதை அகற்றி, தற்காலிக ஃபைலுக்குப் பழைய பெயரை வைக்கிறது. மின்சாரம் நடுவில் போனாலும் ஏதாவது ஒரு பிரதி முழுசாக இருக்கட்டும் என்பதற்கான ஏற்பாடு அது. அழிக்கும் உரிமை இல்லாத இடத்தில் அந்த ஏற்பாடு பாதியில் நின்றுவிடுகிறது.

அதோடு, எழுதும் உரிமை கொடுத்துவிட்டு அழிவதைத் தடுத்துவிட்டோம் என்று நினைப்பதே தவறு. ஃபைலைத் திறந்து எல்லாவற்றையும் செலக்ட் செய்து, டெலிட் தட்டி, சேவ் கொடுத்தால் ஃபைலின் பெயர் மட்டும் இருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. அது ரீசைக்கிள் பின்னிலும் கிடைக்காது. ஆகவே ஒரு ஃபைலை இவர் மாற்றலாமா கூடாதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மாற்றலாம் என்றால் அழிக்கவும் விட்டுவிட்டு, பேக்கப்பை நம்புங்கள். மாற்றக் கூடாது என்றால் படிக்கும் அனுமதியோடு நிறுத்துங்கள். இடையில் உள்ள வழிகள் பெரும்பாலும் தலைவலிதான்.

ப்ராப்பர்டீஸில் இருக்கும் ‘ரீட் ஒன்லி’ டிக்கை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த டிக்கைப் போட்டவர் போலவே எழுதும் உரிமை உள்ள யாரும் அதை எடுக்கலாம். அது ஒரு நினைவூட்டல், அவ்வளவுதான்.

மாதிரி நிரல்களைப் படிக்க மட்டும் விட்டதும் முதல் நாளே ஒரு புகார் வரும், தயாராக இருங்கள். மாணவன் டி டிரைவில் உள்ள மாதிரி நிரலை டெவ் சி++ இல் திறந்து ரன் கொடுப்பான். ‘பெர்மிஷன் டினைடு’ என்று கீழே வரும். டெவ் சி++ கம்பைல் செய்து உருவாக்கும் இஎக்ஸ்இ ஃபைலை, நிரல் இருக்கும் அதே ஃபோல்டரில்தான் வைக்கப் பார்க்கும். அங்கே எழுத அனுமதி இல்லை. முதலில் ‘சேவ் ஆஸ்’ கொடுத்துத் தன் ஃபோல்டரில் சேமித்துவிட்டு ரன் செய்யச் சொல்லுங்கள், சரியாகிவிடும். தன் ஃபோல்டரிலேயே இந்தப் பிழை வந்தால் அது வேறு விஷயம்: முன்பு ரன் செய்த நிரலின் கறுப்பு ஜன்னல் இன்னும் மூடப்படாமல் பின்னால் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் இஎக்ஸ்இயின் மேல் புதியதை எழுத விண்டோஸ் விடாது.

சில கல்லூரி லேப்களில் இன்னும் டர்போ சி++ ஓடுகிறது. அங்கே இதே சிக்கல் வேறு முகத்தோடு வரும். அது நிரல்களையும் சேர்த்துத் தன் ‘பின்’ (BIN) என்ற ஃபோல்டருக்குள்ளேயே கொட்டிக்கொள்ளும். மென்பொருளும் மாணவர் வேலையும் ஒரே இடத்தில் கிடந்தால் எந்த அனுமதியும் சரியாக வராது. ஆப்ஷன்ஸ் மெனுவில் டைரக்டரீஸ் என்ற இடத்தில் அவுட்புட் டைரக்டரியை மாணவர் ஃபோல்டருக்கு மாற்றி, நிரலையும் அங்கேயே சேமிக்கச் சொல்லுங்கள்.

பழைய 32 பிட் மென்பொருள் ஏதாவது ப்ரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் எழுதப் பார்த்தால், ஸ்டாண்டர்டு யூசருக்கு விண்டோஸ் பிழை காட்டாமல் அந்த ஃபைலை அந்த யூசரின் வர்ச்சுவல் ஸ்டோர் என்ற மறைவான ஃபோல்டருக்குத் திருப்பிவிடுவது உண்டு. ‘நேற்று சேமித்தேன் சார், மென்பொருளில் தெரிகிறது, ஃபோல்டரில் இல்லை’ என்று யாராவது சொன்னால் அங்கே போய்ப் பாருங்கள். மென்பொருள் அடம்பிடிக்கிறது என்பதற்காக மாணவரை மறுபடி அட்மின் ஆக்கிவிடாதீர்கள். அந்த மென்பொருளின் ஃபோல்டருக்கு மட்டும் மாடிஃபை கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

‘ஃபோல்டரே காணாமல் போகிறது’ என்று எழுதியிருந்தீர்களே, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அப்படிப் போகும் ஃபோல்டர்களில் நிறைய அழிக்கப்படுவதே இல்லை. மவுஸ் பட்டன் சரியாக விடாமல் கை நகர்ந்ததில் பக்கத்து ஃபோல்டருக்குள் இழுத்துப் போடப்படுகின்றன. பழைய மவுஸ்கள் இருக்கும் லேபில் இது தினமும் நடக்கும். அடுத்த முறை காணோம் என்றால், யாரையும் திட்டுவதற்கு முன் அக்கம்பக்கத்து ஃபோல்டர்களுக்குள் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். செய்யாத தவறுக்கு ஒரு பிள்ளை நின்றுகொண்டிருக்கக் கூடாது.

இதைக் குறைக்க ஒரு சின்ன வழி இருக்கிறது. எத்தனை பிக்சல் நகர்ந்தால் அதை இழுப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இரண்டு மதிப்புகள் உண்டு: கரண்ட் யூசர் பகுதியில், கண்ட்ரோல் பேனலுக்குள் டெஸ்க்டாப் என்ற இடத்தில் டிராக் ஹைட், டிராக் விட்த். இரண்டும் ஆரம்பத்தில் 4. அதை 40 அல்லது 50 ஆக்கிவிட்டு, லாக் ஆஃப் செய்து மறுபடி வந்தால் கை நடுங்கினாலும் ஃபோல்டர் நகராது. வேண்டுமென்றே நன்றாக இழுத்தால்தான் நகரும். ஒவ்வொரு அக்கவுண்டுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். அழிக்கும்போது ‘நிச்சயமா?’ என்று கேட்கும் பெட்டி விண்டோஸ் 8 முதல் அணைக்கப்பட்டே வருகிறது. ரீசைக்கிள் பின்னின் ப்ராப்பர்டீஸில் அதை மறுபடி போட்டுக்கொள்ளலாம். இந்த இரண்டும் பாதுகாப்புக்காக இல்லை, தெரியாமல் நடக்கும் தவறுக்காக. பள்ளி லேபில் வேண்டுமென்றே அழிப்பவர்களைவிடத் தெரியாமல் அழிப்பவர்களே அதிகம் என்பது என் அனுபவம்.

கட் செய்து பேஸ்ட் செய்வதிலும் ஒரு கண்ணி இருக்கிறது, இது உங்களுக்கே நடக்கும். நீங்கள் மட்டும் திறக்கக்கூடிய ஃபோல்டர் ஒன்று டி டிரைவில் வைத்திருக்கிறீர்கள். அதிலிருந்து ஒரு பயிற்சித் தாளைக் கட் செய்து, மாணவர்கள் படிப்பதற்காக வைத்திருக்கும் ஃபோல்டரில் பேஸ்ட் செய்கிறீர்கள். மாணவர்களுக்கு அது திறக்காது. ஒரே டிரைவுக்குள் நகர்த்தினால் ஃபைல் தன் பழைய அனுமதிகளையே சுமந்துகொண்டு போகும். காப்பி செய்தால்தான் புதிய இடத்தின் அனுமதியை எடுத்துக்கொள்ளும். அதனால் கட் வேண்டாம், எப்போதும் காப்பி.

காப்பி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். ‘பார்க்கலாம், காப்பி எடுக்கக் கூடாது’ என்பதற்கு என்டிஎஃப்எஸ்ஸில் இடமே இல்லை. படிக்க முடிந்த ஃபைலைக் காப்பி எடுக்கவும் முடியும். செய்முறைத் தேர்வு வினாத்தாள், மதிப்பெண் பட்டியல் போன்றவற்றை மறைத்து வைக்கும் யோசனை இருந்தால், அவை லேப் கம்ப்யூட்டரில் இருக்கவே வேண்டாம். ஃபோல்டரைப் பூட்டுவதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களை நம்பி அங்கே வைக்காதீர்கள். அவற்றில் பலவும் ஃபோல்டரை மறைத்துவிட்டு நிற்பவை.

தேர்வு நாளுக்கும், எல்லார் வேலையையும் ஓரிடத்தில் சேர்ப்பதற்கும் ஒரு கம்ப்யூட்டரைப் பொதுச் சேமிப்பாக வைத்துக்கொள்ள நினைப்பீர்கள். நல்லதுதான், ஆனால் சாதாரண விண்டோஸ் 10 அல்லது 11 இல் ஒரே நேரத்தில் 20 கம்ப்யூட்டர்கள் வரைதான் ஷேருக்குள் வர முடியும். உங்கள் லேபுக்கு இப்போது சரியாக இருக்கும். நாளை பத்து கம்ப்யூட்டர் கூடினால் சிலருக்குத் திறக்காது. நெட்வொர்க் வழியாக அழிக்கப்படும் ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது என்பதையும் மனதில் வையுங்கள், நேராகப் போய்விடும்.

இந்த இரண்டுக்கும் நான் பரிந்துரைப்பது, ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸும், அதன் ஃபோல்டர்களை விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு ஷேர் செய்யும் சாம்பா என்ற மென்பொருளும். அந்த 20 என்ற எல்லை அதில் கிடையாது, லைசென்ஸ் செலவும் இல்லை. ரீசைக்கிள் என்ற மாட்யூலைச் சேர்த்தால், மாணவர் அழிக்கும் ஃபைல் ஒரு மறைவான ஃபோல்டருக்கு நகர்ந்து நிற்கும். நீங்கள் திரும்ப எடுத்துக் கொடுக்கலாம். ஃபுல் ஆடிட் என்ற இன்னொரு மாட்யூல், எந்த அக்கவுண்டிலிருந்து எந்த ஃபைல் எப்போது அழிக்கப்பட்டது என்று பதிவு செய்யும். லினக்ஸ் பக்கம் போனால் ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: அங்கே ஃபைலை அழிக்கும் உரிமை ஃபைலில் இல்லை, அது இருக்கும் ஃபோல்டரில் இருக்கிறது. ஃபோல்டரில் எழுத முடிந்தவர், படிக்க மட்டும் விட்ட ஃபைலையும் அழித்துவிடலாம். அதைத் தடுக்க ஃபோல்டருக்கு ஸ்டிக்கி பிட் போட வேண்டும். 1777 என்று அனுமதி வைத்தால் யாரும் எழுதலாம், ஆனால் அவரவர் ஃபைலை அவரவரும், ஃபோல்டரின் சொந்தக்காரரும், லினக்ஸின் அட்மினான ரூட்டும் மட்டுமே அழிக்க முடியும். லினக்ஸின் டெம்ப் ஃபோல்டர் இப்படித்தான் இருக்கிறது.

டீப் ஃப்ரீஸ் பற்றி. அது வேறு வகை மருந்து. நடப்பதைத் தடுக்காது, ரீஸ்டார்ட் செய்ததும் டிஸ்க்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். மைக்ரோசாஃப்ட்டே ஒரு காலத்தில் ஸ்டெடி ஸ்டேட் என்று இலவசமாக ஒன்றைக் கொடுத்தது, 2010 இறுதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் எஜுகேஷன், என்டர்பிரைஸ் பதிப்புகளில் யூனிஃபைடு ரைட் ஃபில்டர் என்ற பெயரில் இதே போன்ற வசதி இப்போது உண்டு, ப்ரோவில் இல்லை. பிரவுசிங் சென்டருக்கு இவை மிகப் பொருத்தம், ஏனென்றால் அங்கே வருகிறவர் எதையும் விட்டுச் செல்வதில்லை. மாணவர் வேலை அடுத்த வாரமும் இருக்க வேண்டிய லேபில், சி டிரைவை மட்டும் உறைய வைத்து டி டிரைவை விட்டுவிட வேண்டும். அப்படிச் செய்தால் டெஸ்க்டாப்பில் சேமித்ததெல்லாம் ரீஸ்டார்ட்டில் போய்விடும் என்று பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். விண்டோஸ் அப்டேட்டுக்கு ஒவ்வொரு முறையும் உறைவை விலக்க வேண்டும். மேலே சொன்ன அனுமதி வேலையை முடித்துவிட்டு ஒரு மாதம் பாருங்கள். அதற்குப் பிறகும் தேவை என்று தோன்றினால் வாங்கலாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது என்பதால், பணம் இருந்தால் முதலில் அந்தப் பக்கம் செலவழிப்பதே நல்லது. நான் சொன்ன அனுமதிகள் எல்லாம் விண்டோஸ் 11 இலும் அப்படியே பொருந்தும்.

பென் டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட் 32 அல்லது எக்ஸ் ஃபேட் ஃபார்மேட்டில் இருக்கும். அவற்றில் அனுமதி என்ற ஏற்பாடே கிடையாது, ஆகவே காக்க முடியாது. குரூப் பாலிசியில் கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம் என்பதன் கீழ் ரிமூவபிள் ஸ்டோரேஜ் அக்சஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. பென் டிரைவிலிருந்து நிரல்கள் நேரடியாக ஓடுவதை மட்டும் அங்கே தடுத்துவிட்டு, படிப்பதையும் எழுதுவதையும் விடலாம். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க பென் டிரைவைத் தவிர வேறு வழி இல்லாத பிள்ளைகள் இருப்பார்கள், முழுசாக மூடிவிடாதீர்கள்.

பென் டிரைவில் லினக்ஸ் போட்டுக் கொண்டுவந்து அதிலிருந்தே கம்ப்யூட்டரை பூட் செய்தால், விண்டோஸில் நீங்கள் போட்ட அனுமதிகள் எதுவும் அங்கே செல்லாது. கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரையான பயாஸில், யுஎஸ்பியிலிருந்து பூட் ஆவதை அணைத்து, பயாஸுக்கு ஒரு பாஸ்வேர்டு வைத்தால் பள்ளி லேபுக்குப் போதும்.

குரூப் பாலிசியில் ஏதாவது போடுவதாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. சாதாரணமாகத் திறக்கும் எடிட்டரில் யூசர் கான்ஃபிகரேஷனில் போடுவது உங்கள் அட்மின் அக்கவுண்டையும் சேர்த்தே பிடிக்கும். எம்எம்சி என்ற விண்டோஸின் நிர்வாக ஜன்னலைத் திறந்து, குரூப் பாலிசி ஸ்னாப் இன்னைச் சேர்க்கும்போது பிரவுஸ் கொடுத்து, யூசர்ஸ் டேபில் ‘நான் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். விஸ்டா காலத்திலிருந்தே இந்த வசதி இருக்கிறது. மாணவருக்குப் போட்டது மாணவரோடு நிற்கும்.

எல்லாவற்றையும் முதலில் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் செய்யுங்கள். அட்வான்ஸ்டு செக்யூரிட்டியில் ‘எஃபெக்டிவ் அக்சஸ்’ என்ற டேப் இருக்கிறது. ஒரு மாணவர் அக்கவுண்டின் பெயரைக் கொடுத்தால் அவருக்கு என்ன முடியும், என்ன முடியாது என்று காட்டும். அதைப் பார்த்த பிறகும், மாணவர் அக்கவுண்டில் நீங்களே நுழைந்து ஒரு பாட நேர வேலையை அப்படியே செய்து பாருங்கள்: நிரல் எழுதுங்கள், கம்பைல் செய்யுங்கள், வேர்டில் ரெக்கார்ட் தட்டச்சு செய்து இரண்டு முறை சேவ் கொடுங்கள், அடுத்த பேட்சின் ஃபோல்டரை அழிக்கப் பாருங்கள். வேலை செய்ய வேண்டியது செய்து, செய்யக் கூடாதது நின்றால் மற்ற 19க்கும் போகலாம்.

பேக்கப்புக்கு ஓர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் போதும். அது மாணவர் கைக்கு எட்டாமல் பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற காப்பி நிரலின் மிரர் முறையைப் பலர் சொல்வார்கள், வேகமானதுதான். ஆனால் மூலத்தில் அழிந்ததை அது பேக்கப்பிலும் அழித்துவிடும். திங்கட்கிழமை அழிந்த ஃபோல்டரை வெள்ளிக்கிழமை தேடினால் இரண்டு இடத்திலும் இருக்காது. அதனால் வாரத்துக்கு ஒரு ஃபோல்டர், தேதியைப் பெயராக வைத்து, குறைந்தது நான்கு வாரத்துக்காவது தனித்தனியாக வைத்திருங்கள். சி++ நிரல்களும் வேர்ட் ஃபைல்களும் எவ்வளவு இடம் பிடித்துவிடப் போகின்றன? செய்முறைத் தேர்வு நெருங்கும் வாரங்களில் மட்டும் தினமும் எடுங்கள்.